சமமா, சித்தி?

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் வந்து உட்கார். அந்த நாற்காலி ஆடும் என்று பயப்படாதே. அதற்கு ஒரு கால் கட்டைதான், ஆனால் அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். எட்டு வருஷமாக அது ஆடியதில்லை. ஒரு மடிப்பு கூடிவிடவும் கூடாது, குறைந்துவிடவும் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

பேனா எடுத்துக்கொண்டாயா? நல்லது. அவன் பால் வாங்கப் போயிருக்கிறான். "வந்தவங்களுக்கு ஒரு டீ கூடக் குடுக்காம எப்படி சித்தி" என்று அவனேதான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கடை எதிர் வரிசையில்தான் இருக்கிறது. இந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தால் பலகை தெரியும். நீயோ நானோ போனால் ஐந்து நிமிடம். அவனுக்கு நாற்பது நிமிடம் ஆகும். அதற்குள் உனக்கு ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். நீ போய்ப் பார்த்த ஆட்களில் ஒருவருக்கும் தெரியாத கதை. நீ அவனைப் பற்றி எழுதி வைத்திருக்கிற புத்தகத்தில் ஒரு பக்கம் குறைகிறது. அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது.

நேற்று நீ கொடுத்துவிட்டுப் போன தாள்களை எல்லாம் படித்தேன். நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் ஒரு வரி விடவில்லை. நன்றாக எழுதியிருக்கிறாய். அவனைக் கண்டுபிடித்தது தான்தான் என்று கோச் சொல்லியிருக்கிறார். அவன் உடம்பைப் பதினொரு வருஷம் காப்பாற்றியது தான்தான் என்று பிசியோ சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நன்றிப் பட்டியல் வைத்திருக்கிறாய். புல் வெட்டுகிறவர் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார். கடைசி வரியில் 'சலவை அறை ஊழியர்கள்' என்று இருக்கிறது.

சலவை அறையில் ஊழியர்கள் என்று யாரும் கிடையாது கண்ணு. நான் ஒருத்திதான் இருந்தேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கிளப்பில் கொடுத்த பட்டியலைத்தானே போட்டிருப்பாய். எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், பாத்திரத்தை உருட்ட மாட்டேன். கையில் அகப்பட்டதை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பேன். காலையிலிருந்து இந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முகம் பார்க்கலாம் போலிருக்கிறது, பார்.

அவன் என் அக்கா மகன். அக்கா காய்ச்சலில் போனபோது அவனுக்கு நாலு வயது. அத்தான் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார். எனக்கு அப்போது முப்பத்து நாலு. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் "பிள்ளையோட வேணாம்" என்றார்கள். நல்லது, போய் வாருங்கள் என்றேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, நானும் வாசலைப் பார்க்கவில்லை.

அப்போது ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை. உள்ளட்டை வெட்டும் பிரிவு. செருப்புக்குள் கால் படுகிற இடத்தில் ஓர் அட்டை இருக்குமே, அதைக் கத்தியால் வெட்டி, ஓரம் சீவி, பசை போட்டு அடுக்குவது. ஒரு நாளைக்கு நானூறு ஜோடி. அந்த வேலை செய்தவளுக்கு ஆளைப் பார்க்க வேண்டாம், கழற்றிப் போட்ட செருப்பைப் பார்த்தால் போதும். இவன் செருப்பில் இடது பக்கம் முன்னால் தேய்ந்திருந்தது, வலது பக்கம் குதிகாலில் தேய்ந்திருந்தது. பிள்ளை ஓடும்போது கொஞ்சம் சாய்வான். எல்லாரும் குறும்பு என்றார்கள். நான் அவனைக் கதவோரம் நிறுத்தி, இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தேன். இடது கால் கட்டை.

தொழிற்சாலைத் துண்டு அட்டைகளை இடது காலுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் சொருகினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது அட்டையில் இரண்டு விரலும் ஒரே கோட்டுக்கு வந்தன. "இப்ப எப்படிடா இருக்கு?" என்றேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு யோசித்தான். "சமமா இருக்கு சித்தி" என்றான்.

அந்த ஆறையும் ஒட்டி, ஓரம் சீவி, மேலே மெல்லிய தோல் போட்டு இடது செருப்புக்குள் வைத்தேன். அன்று சாயங்காலம் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் ஓடினான் பார், அப்படி ஒரு ஓட்டம். நின்றுகொண்டே அழுதேன். என் கையால் ஒரு காலைச் செய்துவிட்டேன் என்று அன்றைக்குத் தோன்றியது. அது இன்றைக்கும் மாறவில்லை.

அந்த மனையில்தான் கால்பந்து வந்தது. பதிமூன்று வயதில் கிளப்பின் சிறுவர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். கோச் அப்போது இளைஞர், வாயில் விசிலை வைத்துக்கொண்டே பேசுவார், அதனால் எல்லாருக்கும் அவர் 'விசில்'. நாள் முழுக்கப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "இவனுக்கு முதுகிலயும் கண்ணு இருக்கு" என்றார். மறுநாள் உடல் பரிசோதனை. முதல் நாளே இவனை உட்கார வைத்துப் பேசினேன்.

"அட்டையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"ஏன் சித்தி?"

"ரெண்டு காலும் ஒண்ணா இல்லாதவனை எவன்டா சேத்துப்பான்? டாக்டர் எப்பவும் உயரம் பாப்பார், எடை பாப்பார், நாக்கை நீட்டச் சொல்வார். இடுப்புல விரல் வெச்சுப் பாக்கறதுக்கு அவர் என்ன உங்க சித்தியா?"

சிரித்தான். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். டாக்டர் நாக்கைத்தான் பார்த்தார்.

அவன் சேர்ந்த ஒரு மாதத்தில் கிளப்பின் சலவை அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். தொழிற்சாலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். உடுப்பு துவைக்கிறது, பூட்ஸ் துடைக்கிறது, மழைக்கு நீளக் குமிழ், காய்ந்த தரைக்குக் குட்டைக் குமிழ் என்று பூட்ஸின் அடியில் மாற்றித் திருகுகிறது. அவன் பூட்ஸ் வேறு ஒரு கைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். வியர்வையில் அட்டை நமத்துப்போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது செய்து வைப்பேன். ஆட்டத்துக்கு முன்னால் என் அறைக்கு வருவான். பூட்ஸைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கண்ணை மூடுவான். "சமமா, சித்தி?" நான் குனிந்து இடுப்பில் விரல் வைத்துப் பார்த்து, "சமம்" என்பேன். அதற்கப்புறம்தான் கண்ணைத் திறப்பான். ஒரு தடவைகூட அவனாக அந்த அட்டையை எடுத்துப் பார்த்ததில்லை. என் வார்த்தைதான் அவனுக்குக் கால்.

மற்ற ஆட்டக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். "என்னப்பா, சித்திகிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டியா?" என்று. "உங்களுக்கும் வேணும்னா வரிசையில நில்லுங்க" என்பான். அவர்களும் சும்மா நிற்பார்கள், நானும் தலையில் குட்டி அனுப்புவேன்.

பதினேழு வயதில் பெரிய அணியில் இறங்கினான். நடுவில் ஆடுகிறவன். நீ இதை அழகாக எழுதியிருக்கிறாய், ஆனால் கேலரியில் உட்கார்ந்து பார்த்து எழுதியது. நான் ஒரு ஆட்டம்கூட நேரில் பார்த்ததில்லை. எனக்கு அழுக்கைப் பார்த்தால் தெரியும். கோல்கீப்பர் உடுப்பில் முழங்கையிலும் இடுப்பிலும் சேறு. முன்னால் ஆடுகிறவன் உடுப்பில் கோல் போட்டுவிட்டு வழுக்கிய புல் பச்சை, முட்டியில் மட்டும். நடுவில் ஆடுகிறவனுக்கு இன்ன இடம் என்று கிடையாது. முன்னால் இருப்பவனுக்காக ஓடி, பின்னால் இருப்பவனுக்காக விழுந்து, எல்லா இடத்திலும் சேறு. கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பந்து அங்கே எப்படிப் போயிற்று என்று ஒரு பயலும் கேட்க மாட்டான்.

அவன் இடது காலால் பந்து தட்டினால் நாலு பேர் காலுக்கு நடுவில் நூல் மாதிரி போகும். அதனால் ஜனங்கள் 'ஊசி' என்றார்கள். இருபத்து நாலில் அணித் தலைவன். அந்த வருஷம் கோப்பை. அடுத்த வருஷமும். சுவரில் படம் ஒட்டினார்கள், பிள்ளைகள் அவனைப் போல முடி வெட்டிக்கொண்டார்கள். நான் வாரத்துக்கு இருபத்தாறு சட்டை துவைத்தேன். சொல்லிக்காட்டவில்லை. சந்தோஷமாகத்தான் துவைத்தேன்.

முந்நூறாவது ஆட்டத்துக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அது உன் புத்தகத்தில் ஏழு பக்கம். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், பின் வரிசையில், டீக் கோப்பைகள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில். மைக்கைப் பிடித்து ஒவ்வொருவராக நன்றி சொன்னான். விசிலுக்கு ஒரு கதை சொன்னான். பிசியோவுக்கு ஒரு கதை சொன்னான். கண் கலங்கினான். அப்புறம், "எங்க சித்தியும் இங்கதான் இருக்காங்க. நம்ம எல்லாரோட அழுக்கையும் இவங்கதான் துவைக்கறாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். நல்ல மனதோடுதான் தட்டினார்கள். ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, "அந்த இடது காலோட ரகசியம் என்ன?" என்று கேட்டார். அவன் கூட்டத்துக்கு மேலே என்னைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். "அது பிறவியிலேயே வந்தது சார்" என்றான்.

பிறவியிலேயே வந்ததாம்.

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியது நான்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்புகூட, 'பார்த்தாயா, காப்பாற்றிவிட்டேன்' என்கிற சிரிப்புதான். எல்லாம் தெரியும். அது வேறு விஷயம். பக்கத்தில் இருந்த கோப்பைகளை எடுத்துத் துடைத்தேன். விழா முடிவதற்குள் நூற்று இருபதும் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் கடல் தாண்டி ஒரு பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்தான். இடைத்தரகன். கைகுலுக்கினால் கையில் வாசனைத் திரவியம் ஒட்டும், அப்படி ஒருவன். அந்த ஆண்டு ஆட்டங்கள் முடிந்ததும் கையெழுத்து, பிறகு பயணம். சலவை அறைக்கு ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினான்.

"சித்தி, அங்க எல்லாம் மெஷின். காலை ஸ்கேன் பண்ணி, அதுவே அளவா அட்டை செஞ்சு குடுத்துடுமாம். சத்தியத்தை விட்டுடலாமா? இப்ப போய் யாரு என்னைத் துரத்தப் போறாங்க?"

"உன் இஷ்டம்டா" என்றேன்.

"நீ இனிமே கத்தியும் பசையுமாக் கெடக்க வேணாம். உனக்கு ரெஸ்ட்."

ரெஸ்ட் என்ற சொல்லை நீ யாரிடமாவது சொல்வதற்கு முன் ஒரு தரம் யோசி கண்ணு. இருபத்து மூன்று வருஷம் ஒரு பிள்ளையின் காலைக் கையில் வைத்திருந்தவளிடம், இனி ஒரு மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது பார். அவன் போன பிறகு அந்த அறையின் ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். அது அட்டை மாற்ற வேண்டிய வாரம். ஆறு வெட்டினேன். ஐந்து ஒட்டினேன்.

அவ்வளவுதான். ஒரே ஓர் அட்டை. அந்த அட்டை ஒரு காசு கனம்தான் இருக்கும்.

ஆட்டத்துக்கு முன் வந்தான், போட்டுக்கொண்டான், கண்ணை மூடினான். "சமமா, சித்தி?" விரல் வைத்துப் பார்த்தேன். "சமம்" என்றேன். பொய் என்று பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அன்றைக்கு நன்றாகவே ஆடினான்.

இரண்டு வாரம் கழித்து நான்கு. அப்புறம் மூன்று. சட்டென்று குறைத்தால் உடம்பு கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் உடம்பு பழகிக்கொண்டு வேறு எங்காவது வலிக்கும். அது தொழில் தெரிந்தவளுக்குத் தெரியும். முதலில் இடுப்பில் வலி வந்தது. அப்புறம் முதுகில். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "இங்க சித்தி, இன்னும் கொஞ்சம் கீழ" என்பான். எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடுவேன். மனசார, ஒரு மணி நேரம் தேய்ப்பேன். அந்த மாதங்களில் அவன் என்னோடு இருந்த அளவுக்கு அதற்கு முன் பத்து வருஷத்தில் இருந்ததில்லை.

பிசியோ படம் எடுத்துப் பார்த்தார், ஊசி போட்டார், நீவிவிட்டார். "ஊசிக்கே ஊசி போட வேண்டியதாப் போச்சு பாரு" என்று ஒரு ஜோக் வேறு. "வயசாகுதுப்பா, நம்ம தொழில்ல இருபத்தெட்டுன்னா கிழவன்" என்றார். அவன் உடம்பைக் காப்பாற்றியவர் என்று எழுதியிருக்கிறாயே, அவர்தான். பத்து விரலும் அவன் முதுகில் இருந்தது, ஒரு தடவை பூட்ஸுக்குள் போகவில்லை. இவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ஒரே ஒருத்தர் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் எல்லாம் அப்போதே நின்றிருக்கும்.

என் கணக்கு இதுதான். கொஞ்சம் வலி இருக்கும். அந்த ஊர் டாக்டர்கள் பார்ப்பார்கள், இந்த ஆள் தேற மாட்டான் என்பார்கள், இவன் இங்கேயே இருப்பான். நானும் ஆறு அட்டைக்குத் திரும்பிவிடுவேன். ஒரு பிள்ளையை வீட்டில் இருக்க வைக்க நினைப்பது தப்பு என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

ஆனால் ஜனங்கள் இருக்கிறார்களே. இரண்டு பந்து தப்பிப் போனது, கேலரியிலிருந்து திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். பதினொரு வருஷம் அவன் ஓடிய ஓட்டத்தை ஒரு மாதத்தில் மறந்தார்கள். "ஊசி துருப்பிடிச்சுப் போச்சு" என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர் மேடையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாராம். அவருடைய கம்பளிக் கோட்டு அந்த வாரம் சலவைக்கு வந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருந்திருக்கும். என் பிள்ளையை யாராவது ஒரு சொல் சொன்னால் என்னால் தாங்க முடியாது கண்ணு. அது என் சுபாவம்.

அப்படியும் பெரிய கிளப்காரர்கள் பின்வாங்கவில்லை. இடுப்பு வலிதானே, எங்கள் ஆட்கள் சரி பண்ணிவிடுவார்கள் என்றார்கள். மெஷின் இருக்கிறதே. நான் இடது பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டு, வலது பூட்ஸில் இரண்டு அட்டை வைத்தேன். அது ஆண்டின் கடைசி ஆட்டத்துக்கு.

அன்றைக்கு மழை. தரை சொதசொதவென்று இருந்தது. நீளக் குமிழ் போட வேண்டிய நாள். நீளக் குமிழ் தரையைப் பிடித்துக்கொள்ளும், விடாது. உடம்பு சாய்ந்திருக்கும்போது கால் தரையில் மாட்டிக்கொண்டால் திரும்புகிற திருப்பம் முழுக்க முட்டியில் இறங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த இரண்டு அட்டையையும் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருக்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். அதற்கு வருகிறேன்.

ஆட்டம் தொடங்கி எழுபது நிமிடம் இருக்கும். என் அறைக்குச் சத்தம்தான் வரும். கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது, திடீரென்று நின்றது. முப்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் வாயை மூடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். துவைக்கும் மெஷினில் பித்தான் சுற்றுகிற சத்தம் கேட்டது.

பிசியோ அவன் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வலது பக்கத்தை வெட்டிக் கழற்றியிருந்தார்கள். முகம் வெளுத்துப்போய், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "குடுங்க, ஒரே சேறு" என்று வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டார். அட்டையை எடுத்து வெந்நீரில் போட்டேன், கரைந்துவிட்டது.

முட்டிக்குள் இருக்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. மூன்று அறுவை சிகிச்சை. அவனுக்கு அப்போது இருபத்தெட்டு. மறுபடி பந்தைத் தொடவில்லை. அது நீ எழுதியிருக்கிறாய், அந்தப் பகுதியில் தப்பு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என் கையைத்தான் தேடினான். "சித்தி, நீ இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் வீணாக்கிட்டேன். என்னை மன்னிச்சிடு" என்று அழுதான். நான் மன்னித்துவிட்டேன். "அதைப் பத்தி இனிமே யார்கிட்டயும் பேச வேணாம்" என்றேன். அதையும் காப்பாற்றிவிட்டான் பார். உன்னிடம் இத்தனை நாள் பேசியிருக்கிறான், ஒரு வார்த்தை வந்ததா? அதனால்தான் நான் 'சலவை அறை ஊழியர்கள்' ஆகிவிட்டேன்.

மாடி இல்லாத வீடாகப் பார்த்து நான்தான் அவனை இங்கே கூட்டிவந்தேன். கல்யாணப் பேச்சு ஒன்று இருந்தது, அதுவும் நின்றது. இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கிறோம். அவனுக்கு வருகிற கடிதங்களுக்கெல்லாம் இந்த மேசையில் உட்கார்ந்துதான் பதில் எழுதுவான். 'என் கால் என்னை ஏமாற்றிவிட்டது' என்று எழுதுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து உறை ஒட்டுவேன்.

இப்போது அந்த நேர விஷயம்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது என் அறைக்கு வந்தான். பயிற்சிக்குப் போடுகிற ரப்பர் செருப்புதான் காலில். பூட்ஸ் என் மடியில் இருந்தது. சின்னப் பிள்ளை எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு வருவதுபோல் வந்தான்.

"சித்தி, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே? சத்தியத்தை உடைச்சிட்டேன்."

"என்னடா?"

"அந்தப் பெரிய கிளப்காரங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கதவு, ஆறு அட்டை, எல்லாம். இந்தக் காலை எங்க சித்திதான் செஞ்சாங்கன்னு எழுதியே குடுத்துட்டேன். நாளைக்குப் பேப்பர்ல வருது. மெஷின் அட்டை வேணாம், எங்க சித்தி வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்னுட்டேன். ஒத்துக்கிட்டாங்க சித்தி."

என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உடம்பைச் சூடேற்ற மைதானத்துக்குப் போனான்.

மேசை இழுப்பறையில் ஆறு அட்டை ஒட்டிய பழைய அடுக்கு தயாராக இருந்தது. வலதிலிருந்து இரண்டை எடுத்து, இடதில் ஆறை வைக்க இரண்டு நிமிடம் போதும். கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்துவிடுவேன்.

இதைக் கேட்கத்தானே காத்திருந்தாய் என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கேட்ட பிறகு எனக்கு இன்னும் அதிகமாகத்தான் கோபம் வந்தது. இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருஷமா? விழாவில் சொல்லியிருக்கலாமே. மெஷின் என்று சொல்வதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே. நான் அட்டையைக் குறைக்க ஆரம்பித்த பிறகா சொல்வது? அவன் சொல்லி முடித்த பிறகு நான் என்னவாக இருந்தேன் என்று யோசித்துப் பார். எல்லாம் கிடைத்துவிட்டது, கோபம் மட்டும் மிச்சம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த நாற்பது நிமிடமும் நான் அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மழையில் சேறாகப் போகிற பூட்ஸ். உள்ளே கை வைக்கவில்லை, வெளியே மட்டும்.

திரும்பி வந்தான். போட்டுக்கொண்டான். நிமிர்ந்து நின்று கண்ணை மூடினான். சிரித்துக்கொண்டே கேட்டான். நான் இடுப்பில் விரல் வைத்தேன். வலது விரல் மேலே இருந்தது, இடது விரல் கீழே இருந்தது. "சமம்" என்றேன்.

மறுநாள் பேப்பரில் அவன் முட்டிதான் வந்தது. அவன் எழுதிக் கொடுத்த தாள் இடைத்தரகன் பையோடு போயிற்று. அந்தத் தாள் மட்டும் கிடைத்திருந்தால் உனக்கு இவ்வளவு நேரம் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

ஏன் பேனாவை மூடிவிட்டாய்? எழுது. இதை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாமல் சொல்லவில்லை. 'சலவை அறை ஊழியர்கள்' என்பதை மட்டும் அடித்துவிடு. அவனுடைய இடது காலைச் செய்தவள் என்று போடு. அதற்குக் கீழே மற்றதையும் போட்டுக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டும் என் வேலைதான்.

கேட் சத்தம் கேட்கிறதா? அவன்தான். வாசற்படியில் கொஞ்சம் நிற்பான். செருப்புக்கும் நான்தான் அட்டை ஒட்டிக் கொடுக்கிறேன், வேறு யார் செய்வார்கள். இப்போது நான்கு வைத்திருக்கிறேன். ஆறு வைத்தால் கால் மணி நேரத்தில் கடைக்குப் போய் வந்துவிடுவான். அப்புறம் பஸ் நிறுத்தம் வரை போவான். அதற்கு அப்பாலும் போவான். வெளியே எவ்வளவு வண்டி ஓடுகிறது, எப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பயம்.

எழுந்திருக்காதே, டீ குடித்துவிட்டுப் போகலாம். உன் வீடு நிறைந்து இருக்கட்டும் கண்ணு. உன் வீட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழாமல் நடக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பதில் சொல்ல, என்னைப் போல ஒருத்தி அவர்களுக்கும் இருக்கட்டும்.